சிலந்தி கடித்த இடத்தில் ஒத்தடம் வேண்டாம், ஐஸ் வையுங்கள்

நவராத்திரிக்கு முந்தின சனிக்கிழமை பேஸ்மென்டிலிருந்து கொலு பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். பழைய அட்டைப் பெட்டி. பொம்மைகள் உடையாமல் இருக்க நடுவில் ஒரு கிழிந்த வேட்டியைத் திணித்து வைத்திருந்தோம், அதை உருவி முன்கையில் போட்டுக்கொண்டு செட்டியார் பொம்மையை வெளியே எடுக்கும்போது, முழங்கைக்குக் கீழே உள்பக்கம் சுருக்கென்று ஏதோ குத்திய மாதிரி இருந்தது. உதறினேன். பழுப்பு நிறத்தில், கால்கள் மட்டும் நீளமாக, ஒரு எட்டுக்கால் பூச்சி தரையில் விழுந்தது. செருப்பால் ஒரு அடி, அவ்வளவுதான், படி கட்டுகிற வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். வலி என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை.

இரவு பதினோரு மணிக்குத்தான் ஆரம்பித்தது. கடித்த இடம் நெருப்புப் பட்டது போலக் காந்தியது, நடுவில் ரத்தம் வடிந்த மாதிரி வெளுத்து, சுற்றிலும் சிவந்து. ஊரில் அப்போது காலை, அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு "உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுடா, அப்புறம் மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் போடு" என்றாள். குப்பைமேனிக்கு அமெரிக்காவில், இந்தக் கான்சஸில் எங்கே போவது? உப்பு இருந்தது, வாணலியும் இருந்தது, ஒத்தடம் கொடுத்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். நான் டாக்டர் இல்லை, கடிபட்டவன், அதற்குப் பிறகு டாக்டர்களிடமும் நர்ஸுகளிடமும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் எந்த மாதிரிக் கடி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பயப்பட வேண்டிய சிலந்தி இரண்டு ரகம்தான், இரண்டும் செய்கிற வேலை ஏறக்குறைய நேரெதிர். பிரவுன் ரெக்லூஸ் கடித்தால் முதலில் வலிக்காது, பிறகு சதையைக் கெடுக்கும். பிளாக் விடோ கடித்தால் கடிவாயில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஒரு மணி நேரத்துக்குள் உடம்பையே முறுக்கிப் போடும். ஒன்றுக்குப் பொறுமை வைத்தியம், மற்றதுக்கு வலி வைத்தியம். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாத மருந்து சாப்பிடுகிறார்கள்.

எதுவாக இருந்தாலும் முதல் பத்து நிமிஷம் செய்ய வேண்டியது ஒன்றே. சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஐஸை மெல்லிய துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள், அதே அளவு நேரம் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். நேரடியாகத் தோலில் வைத்தால் அதுவே ஒரு புண்ணாகும். கையோ காலோ, தலையணை மேல் உயர்த்தி அசைக்காமல் வைத்திருங்கள். கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். விஷத்தை இழுக்கும் பம்ப் என்று ஒரு பிளாஸ்டிக் சாமான் கேம்பிங் கடைகளில் விற்கிறது, அதனாலும் பிரயோஜனம் இல்லை, இருக்கிற தோலைக் கன்ற வைக்கும். மின்சார ஷாக் கொடுத்தால் விஷம் முறியும் என்று ஒரு காலத்தில் இங்கே நம்பியவர்கள் இருந்தார்கள், நம்ம ஊர்ப் பாட்டிகள் எவ்வளவோ தேவலை.

அப்புறம், சிலந்தியைத் தேடி எடுங்கள். நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஜிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் செருப்பில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தேன், பின்னால் அந்தப் பைதான் என் கையைக் காப்பாற்றியது. முதுகில் வயலின் படம் இருந்தால் ரெக்லூஸ் என்பார்கள், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, வயலின் வரைந்தது போலக் கறை உள்ள அப்பாவிச் சிலந்திகள் நிறைய. கண்ணை எண்ண வேண்டும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண், ரெக்லூஸுக்கு ஆறுதான், முன்னால் ஒரு ஜோடி, பக்கத்துக்கு ஒரு ஜோடி. ஃபோன் கேமராவில் முடிந்தவரை பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். காலில் முள்ளோ வரியோ இருக்காது, ஒரே நிறம். காலை விரித்தால் ஒரு குவார்ட்டர் நாணயம் அளவு, அவ்வளவுதான்.

பிளாக் விடோ தெரியாமல் போகாது: பளபளவென்று கறுப்பு, திருப்பிப் போட்டால் வயிற்றில் உடுக்கை மாதிரி ஒரு சிவப்பு அடையாளம்.

அமெரிக்காவில் எங்கே இருந்தாலும் 1-800-222-1222 என்ற எண்ணில் விஷ முறிவு ஆலோசனை மையம் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசும். எமர்ஜென்சிக்கு ஓடி ஆயிரம் டாலர் பில் வாங்குவதற்கு முன் அங்கே கூப்பிடுங்கள். ஆனால் மூச்சுத் திணறல், முகம் உதடு வீங்குவது, மயக்கம், இதில் ஏதாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 911.

இப்போது சதையைக் கெடுக்கும் கடிக்கு வருவோம், எனக்கு அனுபவம் அதில்தான்.

ரெக்லூஸ் விஷத்தில் இருக்கும் முக்கியமான நொதி செல்லின் சவ்வைச் சிதைக்கிறது. அதைப் பார்த்து நம் உடம்பே படையெடுத்து வருகிறது, அந்த இடத்துச் சின்ன ரத்தக் குழாய்களெல்லாம் அடைத்துக்கொள்கின்றன, ரத்தம் போகாத தோல் செத்துப்போகிறது. பாதிச் சேதம் விஷத்தால், பாதி நம் உடம்பின் ஆவேசத்தால். அந்த நொதி சூட்டில் சுறுசுறுப்பாகும், குளிரில் மந்தமாகும், அதனால்தான் ஐஸ். அதனால்தான் ஒத்தடம் கூடவே கூடாது, உப்பு ஒத்தடமும் வெந்நீர்ப் பையும் தவிட்டு ஒத்தடமும் எதுவும். சுளுக்குக்கும் வாய்வுப் பிடிப்புக்கும் அம்மா சொன்னது சரிதான், இதற்கு மட்டும் இல்லை. மஞ்சளால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் பூசிவிட்டால் தோல் எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று பார்க்க முடியாது, இந்தக் கடியில் நிறம்தான் ரிப்போர்ட். சுண்ணாம்பு தோலையே பொத்துவிடும், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

என் கையில் நடந்தது இது. முதல் இரவு காந்தலும் அரிப்பும். மறுநாள் காலை நடுவில் ஊதாவாக ஒரு புள்ளி, அதைச் சுற்றி வெள்ளை வளையம், அதற்கு வெளியே சிவப்பு. சிவப்பு-வெள்ளை-நீலம் என்று அமெரிக்கக் கொடியின் நிறத்தைச் சொல்லித்தான் இங்கே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்களாம். மூன்றாம் நாள் ஊதா கறுத்து, நடுப்பகுதி லேசாகக் குழிந்து, கையைத் தொங்கவிட்ட பக்கமாக ஒரு சொட்டு வழிந்தது போல இறங்கியிருந்தது. ஏழாம் நாள் பென்சில் ரப்பர் அகலத்துக்கு கறுப்புப் பொருக்கு, தட்டினால் காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி கெட்டி. மூன்றாவது வாரம் அது தானாகக் கழன்றது, கீழே சிவப்பாக ஒரு குழி. அது மூடி முடிக்க தைப்பொங்கல் ஆகிவிட்டது. இது நடுத்தரக் கேஸ், பெரும்பாலான கடிகள் இவ்வளவுகூடப் போகாமல் சிவந்து அடங்கிவிடும். கொழுப்பு அதிகமுள்ள தொடை, பிட்டம், வயிறு என்றால் புண் பெரிதாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது: பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுங்கள். தினம் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து ஒரு போட்டோ. டாக்டரிடம் "பரவுகிற மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்வதற்கும் ஐந்து போட்டோவை வரிசையாகக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள், நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு டைலனால், அதாவது நம்ம ஊர் பாராசிட்டமால்தான், பெரியவர்கள் 500 மில்லிகிராம் இரண்டு மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு முன் அடுத்தது கூடாது, ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம், கல்லீரல் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். குழந்தைக்கு எடைக்குத் தக்க அளவு, அதையும் கேட்டுத்தான். அரிப்புக்கு செட்டிரிசின் போதும். அட்வில், அதாவது ஐபுப்ரோஃபென் வகையை முதல் சில நாள் தள்ளி வைக்கச் சொன்னார்கள், ரத்தம் உடைந்து சிறுநீரகம் வரை போகிற கேஸில் அது கூடுதல் சுமை.

புண் திறந்தபிறகு தினம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலின் தடவி, ஒட்டாத காஸ் வைத்துத் தளர்வாகக் கட்டினால் போதும். புண் காய வேண்டும் என்று காற்றில் விடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது, ஈரப்பதத்தோடு மூடி வைத்தால்தான் சீக்கிரம் தோல் வளரும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் எல்லாம் நுரைப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும், புதுசாக வளர்கிற செல்லையும் சேர்த்துக் கொல்லும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அது மூடி.

டாக்டரிடம் எதற்குத் தலையாட்டக் கூடாது என்பது இன்னும் முக்கியம். நான் முதலில் போன அர்ஜென்ட் கேர் என்ற அவசர கிளினிக்கில் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "சீழ்க்கட்டி மாதிரி இருக்கிறது, கீறி விட்டுவிடலாம்" என்று தட்டை எடுத்து வரச் சொன்னார்கள். பயந்துகொண்டே ஜிப் பையை நீட்டினேன். நர்ஸ் அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, விஷ முறிவு மையத்தைக் கூப்பிட்டார், கத்தி மறுபடி தட்டுக்கே போய்விட்டது. ரெக்லூஸ் புண்ணை ஆரம்பத்தில் வெட்டினால் ஆறாது, வெட்டிய ஓரமும் சேர்ந்து சாகும். எது செத்த தோல், எது பிழைக்கும் தோல் என்று எல்லை தெளிவாகத் தெரிய ஆறு எட்டு வாரம் ஆகும், அதற்குப் பிறகும் குழி பெரிதாக இருந்தால்தான் தோல் ஒட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும். ஆன்டிபயாட்டிக் விஷத்துக்கு மருந்து இல்லை, சீழும் சூடும் சேர்ந்து கிருமித் தொற்று வந்தால் மட்டும்தான். டாப்சோன் என்று ஒரு மாத்திரை சிலர் தருவார்கள். தொழுநோய்க்குக் கொடுக்கும் அதே டாப்சோன்தான். மனிதர்களுக்கு இந்தக் கடியில் அது நிச்சயமாகப் பலன் தருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்த அணுக்களை உடைத்துவிடும், அந்தக் குறைபாடு நம் ஆட்களிலும் இருக்கிறது. கொடுத்தால், டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது புண்ணைப் பார்த்து இல்லை. முதல் மூன்று நாளில், சில சமயம் ஒரு வாரம் வரைகூட, காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, உடம்பெல்லாம் சின்னச் சின்னச் சிவப்பு, கண் மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போவது. விஷம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது என்று அர்த்தம். குழந்தைகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம், கடிவாய் சின்னதாக இருக்கும்போதே வரலாம். முதல் ஒரு வாரம் குழந்தை சிறுநீர் கழிக்கும்போது பக்கத்தில் நின்று நிறத்தைப் பாருங்கள். கறுத்தால் அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரி.

வலி ரகத்தைப் பற்றி.

பிளாக் விடோ கடித்த இடத்தில் இரண்டு ஊசிப் புள்ளி, கொஞ்சம் சிவப்பு, அந்த இடம் மட்டும் வியர்த்திருக்கும். விஷம் நரம்பு முனைகளில் சேர்த்து வைத்திருக்கும் ரசாயனத்தை ஒரே சமயத்தில் கொட்ட வைக்கிறது, அதனால் தசைகள் இழுத்துப் பிடிக்கும். காலில் கடித்தால் வயிறு பலகை மாதிரி இறுகும், அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து ஆபரேஷன் வரை யோசித்த கதையெல்லாம் உண்டு. கையில் கடித்தால் நெஞ்சு, முதுகு. ரத்த அழுத்தம் ஏறும், வியர்வை கொட்டும், ஒரு இடத்தில் உட்கார முடியாமல் ஆள் தவிப்பார். சாவு மிக அபூர்வம், வலி மட்டும் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை படுத்தும்.

ஐஸும் டைலனாலும் போதும் என்றால் வீட்டிலேயே இருக்கலாம். வலி கடிவாயைத் தாண்டிப் பரவினால் ஆஸ்பத்திரி. அங்கே நரம்பில் மார்ஃபின் மாதிரி வலி மருந்தும், தசையைத் தளர்த்த டயசிபாம் வகையும் கொடுப்பார்கள், அதுதான் சிகிச்சையின் பெரும்பங்கு. முன்பெல்லாம் கால்சியம் குளுக்கோனேட் ஏற்றுவார்கள், 1992இல் 163 நோயாளிகளைத் திரும்பிப் பார்த்த ஒரு ஆய்வு அதனால் பெரிய பலன் இல்லை என்று காட்டியது. விஷ முறிவு ஊசி இருக்கிறது, குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, வலியை வேகமாக அடக்கும், ஆனால் கடுமையான அலர்ஜி வரலாம் என்பதால் வயதானவர், கர்ப்பிணி, எதற்கும் அடங்காத வலி என்றால்தான் எடுப்பார்கள். சிட்னி, மெல்பர்ன் பக்கம் இருப்பவர்களுக்கு: உங்கள் ரெட்பேக் சிலந்தி இதே குடும்பம். அதன் முறிவு ஊசி 1956 முதல் இருக்கிறது, 2014இல் வந்த ஆய்வில் வழக்கமான வலி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, அது வெறும் உப்புநீர் ஊசியைவிடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்று தெரிந்தது. ரெட்பேக் கடிக்கு இறுக்கிக் கட்டு போடக்கூடாது, வலி கூடும். அங்கே இருக்கிற ஃபனல்வெப் என்ற இன்னொரு சிலந்தி கடித்தால் அதற்கு நேர்மாறு, உடனே கிரேப் பேண்டேஜை முழுக் கைக்கும் காலுக்கும் இறுக்கிச் சுற்றி, அசையாமல் வைத்து, 000 கூப்பிட வேண்டும். அந்த விஷத்துக்கு முறிவு ஊசி 1981இல் வந்ததிலிருந்து யாரும் சாகவில்லை.

நீங்கள் பார்ப்பது சிலந்திக் கடியே இல்லாமலும் இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். எங்கள் கான்சஸிலேயே லெனெக்ஸா என்ற ஊரில் ஒரு வீட்டில், 2001இல், ஆறு மாதத்தில் 2,055 ரெக்லூஸ் சிலந்திகளைப் பிடித்தார்கள். நான்கு பேர் குடும்பம், பல வருஷமாக அங்கேயே குடியிருந்தவர்கள், ஒருவருக்கும் கடி பட்டதாகத் தெரியவில்லை. இது கூச்சப் பிராணி, தோலுக்கும் துணிக்கும் நடுவில் மாட்டி நசுங்கினால்தான் கடிக்கும், என் வேட்டி மாதிரி. ஆக, பே ஏரியாவிலோ நியூ ஜெர்சியிலோ இருந்துகொண்டு "ரெக்லூஸ் கடித்துவிட்டது" என்றால், அந்தச் சிலந்தி அந்தப் பக்கம் குடியிருப்பதே இல்லை, வேறு காரணம் தேடுங்கள். டாலஸ், கான்சஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ், நாஷ்வில், பென்டன்வில் என்றால் சந்தேகப்படலாம்.

மேடாகப் புடைத்து, சூடாக, சீழ் வைத்து, இரண்டு மூன்று இடத்தில் வந்திருந்தால் அது பெரும்பாலும் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமிக் கட்டி, அதைக் கீறித்தான் ஆக வேண்டும், காத்திருந்தால் கெடும். ரெக்லூஸ் புண் தட்டையாக அல்லது குழிந்து, வறண்டு, ஒன்றே ஒன்றாக இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் ஆறாத புண் வந்தால் சிலந்தி மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூரில் கட்டிக்கே சிலந்தி என்று பேர் இருக்கிறது, குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. காலையில் எழும்போது கழுத்தில் கோடு இழுத்தது போலச் சிவந்து எரிந்தால் சிலந்தி நக்கிவிட்டது என்பார்கள், அது பெரும்பாலும் மழைக்கால விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சின்ன வண்டை உடம்பில் நசுக்கியதால் வருவது, சோப்புப் போட்டுக் கழுவினால் பாதி சரி. ஒரு பக்கமாக வரிசையாகக் கொப்புளம் என்றால் அக்கி. காய்ச்சலோடு, அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது போல வலிக்காத ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி கடித்து வருவது, டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகும், சிலந்திக் கடி என்று மந்திரித்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. பாம்புக் கடிக்குப் போடும் விஷ முறிவு ஊசி எந்தச் சிலந்திக்கும் வேலை செய்யாது, யாராவது போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என் கையில் இப்போது பட்டாணி அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது, வெயிலில் போனால் கொஞ்சம் கறுக்கும். கொலு பொம்மையெல்லாம் இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போயாயிற்று, அட்டைப் பெட்டி வீட்டில் ஒன்றுகூட இல்லை. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் படாமல் பார்த்துக்கொள்கிறேன், ஷூவைத் தட்டாமல் போடுவதில்லை. பேஸ்மென்டில் சுவர் ஓரமாக எலி அட்டை மாதிரி ஒட்டும் அட்டை நாலு வைத்திருக்கிறேன், இந்த வாரம் பார்த்தபோது ஒன்பது பூச்சி ஒட்டியிருந்தது, கண்ணை எண்ணிப் பார்த்தேன், இரண்டுக்கு ஆறு.